வெண்கலச் சிலை: முகத்தை விட்டுக் காலடியைப் பாருங்கள்

வெளியில் நிற்கும் வெண்கலச் சிலை ஒன்றின் தொடையை விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். வெறுங்குடத்தைத் தட்டினாற்போல் ஒலிக்கும். உள்ளே காற்றுதான். திருவிழாவில் உற்சவ மூர்த்தியைத் தோளில் தூக்கிப் பழகியவர்கள், நகரத்துச் சிலையும் அதைப்போலவே கெட்டியானது என்று நினைப்பதுண்டு. சுவாமிமலை ஸ்தபதிகள் வார்க்கும் ஐம்பொன் விக்கிரகம் கன வார்ப்பு. இங்கே தென்னாப்பிரிக்காவில், டர்பனிலோ பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலோ தெருவில் நிற்கும் ஆளுயரச் சிலை பொள்ளல் வார்ப்பு, அதாவது உள்ளே வெறுமையானது. சிலை எப்படிச் செய்யப்படுகிறது, எப்படி நிற்கிறது, எங்கே கெடுகிறது என்பதெல்லாம் இந்த ஒரு வேறுபாட்டிலிருந்தே தொடங்குகின்றன.

ஏன் பொள்ளல்? கணக்குப் போட்டால் விளங்கும். 2 மீட்டர் உயர மனித உருவம் ஏறக்குறைய 115 லிட்டர் இடம் அடைக்கும். ஒரு லிட்டர் வெண்கலம் 8.8 கிலோ. கெட்டியாக வார்த்தால் ஒரு டன். அதே உருவத்தை 5 மில்லிமீட்டர் தடிப்புள்ள தோலாக வார்த்தால், துணி மடிப்பெல்லாம் சேர்த்து 3 சதுர மீட்டர் பரப்புக்கு 15 லிட்டர் உலோகம் போதும். அது 132 கிலோ. உள்சட்டம், பற்றவைப்பு எல்லாம் சேர்ந்தாலும் 200 கிலோவைத் தாண்டாது. செம்பு விற்கிற விலையில் இது சிறிய விஷயமல்ல. பணம் ஒருபுறம் இருக்க, தடித்த உலோகம் ஆறும்போது வெளிப்புறம் முதலில் இறுகி, உட்புறம் பின்னால் சுருங்கும். அந்த இழுப்பில் குழியும் விரிசலும் விழும். சீரான மெல்லிய தோலுக்கு அந்தத் தொல்லை குறைவு.

செய்முறை மெழுகு வார்ப்புதான். சோழர் காலத்துக் கைவினையின் தம்பி என்று சொல்லலாம். சிற்பி முதலில் களிமண்ணில் முழு அளவு உருவத்தை ஆக்குகிறார். அதன்மேல் சிலிக்கன் ரப்பரைப் பூசி, வெளியே ஃபைபர் கிளாஸ் கூடு கட்டி, பல துண்டுகளாக அச்சு எடுக்கிறார்கள். அச்சுக்குள் உருகிய மெழுகைத் தடவியும் சுழற்றியும் 5 மில்லிமீட்டர் தோலாக்குகிறார்கள். கடைசியில் வெண்கலத்தின் தடிப்பு இந்த மெழுகின் தடிப்புதான். எனவே ‘எத்தனை மில்லிமீட்டர்’ என்ற கேள்வியை வார்ப்பகத்தில் மெழுகு நிலையிலேயே கேட்க வேண்டும். 3 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் உலோகம் முழுதும் பாயாமல் நடுவில் உறைந்து ஓட்டை விழும். 8-க்கு மேலே போனால் வீண் எடை.

மெழுகுத் துண்டுகளில் உலோகம் பாய வாய்க்கால்களும் காற்று வெளியேறக் குழல்களும் மெழுகாலேயே ஒட்டப்படுகின்றன. பிறகு சிலிக்காக் குழம்பில் முக்கி, மேலே நுண்மணல் தூவி, காயவிட்டு, மறுபடி முக்கி, ஏழு முதல் பத்துப் பூச்சு. ஒவ்வொரு பூச்சும் முழுதாகக் காய்ந்த பிறகே அடுத்தது. டர்பனின் ஈரக் காற்றில் இது மெல்லவே நடக்கும். அவசரப்பட்டால் ஓடு வெடிக்கும். பின்பு ஓட்டைச் சுட்டு மெழுகை வெளியேற்றி, சுமார் 1,000 பாகை வரை சூடேற்றி, அதில் 1,100 முதல் 1,200 பாகைச் சூட்டில் உருகிய வெண்கலத்தை ஊற்றுகிறார்கள்.

எந்த வெண்கலம் என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பெரும்பாலும் சிலிக்கன் வெண்கலம், அதாவது 100-இல் 95 பங்கு செம்பு, 4 சிலிக்கன், 1 மாங்கனீசு. அல்லது 85 பங்கு செம்பும் வெள்ளீயம், துத்தநாகம், ஈயம் தலா 5 பங்கும் சேர்ந்த பழைய கலவை. இரண்டும் வெளியில் நிற்கக்கூடியவை. முன்னது பற்றவைக்க எளிது. துண்டுகளைப் பற்றவைக்கும் கம்பியும் அதே கலவையாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சில ஆண்டுகளில் ஒட்டுக் கோடு வேறு நிறத்தில் துருத்திக்கொண்டு நிற்கும். கழுத்திலோ மணிக்கட்டிலோ தையல் போட்டாற்போன்ற கோடு தெரிகிற சிலைகளுக்குக் காரணம் இதுவே.

வெண்கலம் ஆறும்போது 100-க்கு ஒன்றரை, இரண்டு பங்கு சுருங்கும். 2 மீட்டர் களிமண் உருவம் வெண்கலத்தில் மூன்று, நான்கு சென்டிமீட்டர் குறையும். பீடத்தை முன்கூட்டியே கட்டிவிட்டுப் போல்ட் துளைகளையும் போட்டு வைக்கும் அவசரக்காரர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். துளைகளை வார்த்து முடித்த காலடித் தகட்டை வைத்துக் குறியிட வேண்டும்.

இனி காலடிக்கு வருவோம்.

சிலைக்குள் ஒரு சட்டம் இருக்கும். அது துருப்பிடிக்காத எஃகில், 316 என்ற தரத்தில் இருக்க வேண்டும். 304 என்பது விலை குறைந்தது. கடலுக்குத் தள்ளிய உள்நாட்டில் ஒருவாறு தாங்கும், கடற்கரையில் பழுப்புக் கறை விடும். சாதா இரும்புச் சட்டம் வைத்தால் கதை முடிந்தது. வெண்கலமும் இரும்பும் ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் மின்கலம்போல் வேலை செய்து இரும்பு விரைவாகக் கரையும். துருவான இரும்பு, முன்பு அடைத்த இடத்தைப்போல் இரண்டு முதல் ஆறு மடங்கு வரை இடம் கேட்கும். அந்த ஊதல் வெண்கலத் தோலைப் பிளக்கும், பீடத்துக் கல்லையும் பிளக்கும். கணுக்காலில் செங்குத்தாக விரிசலும் அதிலிருந்து செம்பழுப்பு ஒழுகலும் கண்டால், உள்ளே இரும்பு இருக்கிறது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

பீடத்தோடு பிணைப்பது சாதாரணமாக நான்கு 316 எஃகு மரைக்கம்பிகள், 20 மில்லிமீட்டர் பருமன், கான்கிரீட்டுக்குள் 250 மில்லிமீட்டர் ஆழம். கான்கிரீட் ஊற்றி 28 நாள் ஆன பிறகு 24 மில்லிமீட்டர் துளை போட்டு, எபாக்சிப் பசையில் நடுவார்கள். இந்தப் பிணைப்பு கைவிடுகிற காரணம் பெரும்பாலும் பசையல்ல, தூசி. துளைக்குள் கம்பித் தூரிகை விட்டுத் தேய்த்து, காற்றூதி, மறுபடி தேய்த்து, மறுபடி ஊத வேண்டும். தூசி மிஞ்சினால் பசை தூசியைப் பிடித்துக்கொள்ளும், கான்கிரீட்டைப் பிடிக்காது. மேலே வெண்கலத்துக்கும் கம்பிக்கும் நடுவே நைலான் குழலும் வாஷரும் போட்டு உலோகங்களைப் பிரித்து வைப்பது நல்லது.

இவ்வளவு வலு எதற்கு என்று கேட்கலாம். நொடிக்கு 40 மீட்டர் வேகத்தில் அடிக்கும் காற்று ஆளுயரச் சிலையை ஏறக்குறைய 100 கிலோ விசையோடு தள்ளும். அதையும்விடக் கெட்டது மனிதர்கள். படம் எடுக்க ஏறுவார்கள், நீட்டிய கையில் தொங்குவார்கள். காந்தியின் கைத்தடி, மூக்குக்கண்ணாடி போன்ற மெல்லிய பாகங்கள் முதலில் போவது இதனால்தான். தடிக்குள் 316 கம்பி செலுத்தி, காலடித் தகடு வரை இறக்கிப் பற்றவைத்தால் நிற்கும். ஜோகன்னஸ்பர்க்கில் கோடை மாலைகளில் இடி மின்னல் வழக்கம் என்பதால், உயரச் சிலைக்கு மின்னலைத் தரைக்குள் இறக்கும் மண்ணிணைப்புச் செம்புப் பட்டையில் தேவை.

பொள்ளல் சிலைக்குள் எப்படியும் நீர் வரும். பற்றவைப்பில் ஊசிமுனைத் துளை ஒன்று போதும். அதுவும் இல்லாவிட்டால், பகல் சூடும் இரவுக் குளிரும் மாறி மாறி வந்து உள்ளேயே ஈரம் வியர்க்கும். எனவே நீர் வராமல் தடுப்பதைவிட, வந்த நீர் போக வழி செய்வதே அறிவு. ஒவ்வொரு தாழ்ந்த இடத்திலும், முக்கியமாகக் குதிகாலருகே, 10 மில்லிமீட்டர் வடிகால் துளை வேண்டும். நல்ல சிலையைச் சுற்றிக் குனிந்து தேடினால் அது கிடைக்கும். துளை இல்லையென்றால் உள்ளே தேங்குகிற நீர் டர்பனில் உப்பும் அழுக்குமாகக் கிடந்து உலோகத்தை அரிக்கும். ஜோகன்னஸ்பர்க்கில் குளிர்கால இரவில் உறையும். நீர் பனிக்கட்டியானால் 100-க்கு 9 பங்கு விரியும்; சிலையின் காலை உடைத்துக்கொண்டு வெளியே வரும். துளை இருந்தும் குளவி மண் அப்பி அடைத்திருப்பது சாதாரணம். ஆண்டுக்கு இருமுறை மரக்குச்சியால் குத்திப் பாருங்கள், இரும்புக் கம்பி வேண்டாம். பீடத்தின் மேல்தளமும் மட்டமாக இல்லாமல் மீட்டருக்கு 2 சென்டிமீட்டர் வெளிப்புறமாகச் சரிய வேண்டும்.

களிம்பு என்ற சொல் வந்தாலே நமக்குக் கெட்டது என்ற எண்ணம். செம்பில் களிம்புபோல் உயிரில் ஆணவம் ஒட்டியிருக்கிறது என்பது சைவ சித்தாந்தத்தில் கேட்டுப் பழகிய உவமை. சிலை விஷயத்தில் களிம்பில் இரண்டு சாதி உண்டு. ஒன்று, வார்ப்பகத்தில் உலோகத்தைச் சூடாக்கி இரசாயனம் தெளித்து வரவழைக்கும் பழுப்பு, கருப்பு, பச்சை நிறம். பின்னாளில் காற்றும் மழையும் மெல்ல மெல்ல ஏற்றும் இறுகிய படலமும் இதில் சேரும். இது உலோகத்தின் மேல்தோல், காக்க வேண்டியது. இன்னொன்று உப்பால் வருவது. கடற்காற்று கொண்டுவரும் குளோரைடு செம்போடு கூடி, ஈரமும் காற்றும் பட்டபோதெல்லாம் மறுபடி மறுபடி வினைபுரிந்து குழி தோண்டும். வெளிர்ப் பச்சையில், தேங்காய்ப் பூப்போல் உதிரும் பொடியாக இருக்கும். சந்தேகமானால் ஒரு புள்ளியை மரக்குச்சியால் சுரண்டிவிட்டு, ஈரப்பதமான இரண்டு மூன்று நாள் கழித்துப் பாருங்கள். அதே இடத்தில் புதுப்பொடி வந்திருந்தால் அது உயிரோடு இருக்கிறது. அதற்குத் தேர்ந்த பராமரிப்பாளர் வேண்டும். வீட்டு வைத்தியம் வேண்டாம்.

வேடிக்கை என்னவென்றால், இந்தக் கேடு மழை நன்றாக அடிக்கும் தலையிலும் தோளிலும் முதலில் வருவதில்லை. மழை அங்கே உப்பைக் கழுவிவிடும். அக்குள், மோவாய்க்கட்டையின் அடி, வேட்டிக் கரையின் உள்மடிப்பு, குதிரையின் வயிற்றடி, இப்படி மழை படாமல் உப்பு மட்டும் படிகிற இடங்களில்தான் வரும். டர்பன் துறைமுக ஓரத்தில் 1915 முதல் நிற்கும் டிக் கிங் குதிரைச் சிலை போன்றவற்றைப் பார்க்கும்போது கண் போக வேண்டிய இடம் அது.

பராமரிப்பு எளிது, ஆனால் நம் கை பழகிய முறையை மறக்க வேண்டும். குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்ப்பதுபோல் சிலையைத் தேய்க்கக் கூடாது. புளி, எலுமிச்சை, பித்தளை பாலிஷ் எல்லாமே மேல்தோலைக் கரைத்துவிடும். பளபளப்பு ஒரு மாதம் இருக்கும், பிறகு திட்டுத் திட்டாகக் கறுக்கும். அழுத்த நீர் இயந்திரமும் வேண்டாம். பற்றவைப்புத் துளை வழியே நீரை உள்ளே செலுத்திவிடும். ஒரு வாளி நீரில் காரமும் அமிலமும் இல்லாத மென்சோப்பு சில துளிகள் விட்டு, மென்மையான தூரிகையால் மேலிருந்து கீழாகக் கழுவி, நல்ல நீரால் இருமுறை அலச வேண்டும். கடைசி அலசல் காய்ச்சி வடித்த நீராக இருந்தால் இன்னும் நல்லது. முழுதும் காய்ந்த பிறகு மெழுகு. நுண்படிக மெழுகுப் பசை என்று கேட்டு வாங்குங்கள். உலோகம் தொடச் சூடாக, ஆனால் கை சுடாமல் இருக்கும்போது துணியால் மெல்லியதாகத் தடவி, அரை மணி நேரம் கழித்துத் தூரிகையால் தேய்த்து மெருகேற்றி, இன்னொரு பூச்சு. தடிமனாக அப்பினால் தூசி ஒட்டி வெள்ளையாகப் பூத்துவிடும். கடலோரத்தில் ஆண்டுக்கு இருமுறை, கோடை மழைக்கு முன் செப்டம்பரிலும் மழை ஓய்ந்தபின் மே மாதத்திலும். உள்நாட்டில் ஒருமுறை போதும்.

பிறந்தநாளுக்கு மாலை போடுகிறோம், சிலர் பாலும் ஊற்றுகிறார்கள். பாலின் அமிலமும் கொழுப்பும் மெழுகை மங்கச் செய்யும், எறும்பையும் அழைத்துவரும். மாலையில் கட்டிய இரும்புக் கம்பி கழுத்தில் ஒரே இரவில் துருக் கோடு போடும். நார் அல்லது பருத்தி நூலில் கட்டிய மாலை, மறுநாள் காலையில் எடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. மஞ்சளும் குங்குமமும் கல் பீடத்தில் ஊறினால் போகாது. ஒரு தட்டில் வைத்துக் கொடுங்கள்.

திருட்டைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். தென்னாப்பிரிக்காவில் செம்புத் திருட்டு எவ்வளவு முற்றியது என்றால், 2022 நவம்பர் 30 முதல் அரசு பழைய உலோக ஏற்றுமதிக்கே தடை போட்டது. சிலையைவிட முதலில் போவது பெயர்ப்பலகை. முன்புறம் திருகு தெரியும் வெண்கலப் பலகையை ஒரு ஸ்பேனரும் பத்து நிமிடமும் இருந்தால் கழற்றிவிடலாம். எழுத்தைக் கிரானைட்டில் நேரடியாக வெட்டிவிடுவதே எங்கள் பரிந்துரை. தமிழ் எழுத்தை வெட்டச் சொல்லும்போது அச்சுப் படிவத்தை எழுத்துருவாக அனுப்பாமல் கோட்டுப் படமாக்கி அனுப்புங்கள். இல்லாவிட்டால் இங்குள்ள கல்வெட்டுக் கடைக் கணினியில் கொம்பும் காலும் இடம் மாறி, ‘கொ’ என்பது ‘காெ’ ஆகிக் கல்லில் நிரந்தரமாக நின்றுவிடும்.

வெண்கலம் மட்டும்தான் வழி என்பதில்லை. டர்பன் ஃபேர்வெல் சதுக்கத்தில் 1926-இல் எழுந்த போர் நினைவுச் சின்னத்தின் வண்ண உருவங்கள் இங்கிலாந்துப் பூல் மண்பாண்டத் தொழிற்சாலையில் சுட்ட, கண்ணாடிபோன்ற மெருகுப் பூச்சுள்ள மண். உப்பு அதைத் தின்னாது; கல்லெறிதான் பகை. டர்பனின் வார்விக் பகுதியில் சிற்பி ஆண்ட்ரீஸ் போத்தா செய்த யானைகள் எஃகுக் கம்பி வலைக்குள் கல் நிரப்பியவை. அப்படிப்பட்ட வேலையில் கல்லுக்கு ஆயுள் பிரச்சினை இல்லை. கம்பியின் துத்தநாகப் பூச்சு எத்தனை ஆண்டு என்பதே சிலையின் ஆயுள். சிமெண்டுச் சுதை நம் கோயில்களில் நன்கு தெரிந்தது. கடலோரத்தில் கம்பிக்கு மேல் 40 முதல் 50 மில்லிமீட்டர் சிமெண்டு இருந்தால் தாங்கும். மெல்லிய விரல்களில் அவ்வளவு இடமிருக்காது என்பதால் விரல்கள்தான் முதலில் உதிரும். பிசினில் வெண்கலத் தூள் கலந்து வார்த்து ‘வெண்கலச் சிலை’ என்று விற்பவர்களும் உண்டு. தட்டினால் பொத்தென்று ஒலிக்கும். வெயிலில் சில ஆண்டுகளில் சுண்ணாம்புபோல் வெளுக்கும். மண்டபத்துக்குள் வைக்க அது போதும், வெளியில் வேண்டாம்.

அளவும் இடமும் தனிக் கலை. ஆளுயரச் சிலையை 2 மீட்டர் பீடத்தில் வெட்டவெளியில் வைத்தால் சிறுவன்போல் தெரியும். ஒன்றேகால் மடங்காவது வேண்டும். கீழிருந்து பார்ப்பதால் தலையைச் சற்றுப் பெரிதாக்குவதும் வழக்கம். பார்வைத் தூரம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஹோவிக் அருகே மண்டேலா 1962-இல் கைதான இடத்தைப் பாருங்கள். சிற்பி மார்கோ சியான்ஃபனெல்லி 2012-இல் அங்கே நட்டது ஐம்பது எஃகுத் தூண்கள், 6.5 முதல் 9.5 மீட்டர் உயரம். பக்கவாட்டில் நின்றால் வெறும் கம்பங்கள். 35 மீட்டர் தொலைவில் நேரெதிரே நின்றால் மண்டேலாவின் முகம். பாதையையும் சேர்த்தே சிலை செய்யப்பட்டிருக்கிறது.

அனுமதி விஷயத்தைக் கடைசியில் வைத்துக்கொள்ளாதீர்கள். நிலம் நகராட்சியுடையது என்றால் அவர்கள் எழுத்துமூல ஒப்புதல், பழைய நினைவுச் சின்னத்தைத் தொடுவதானால் 1999-ஆம் ஆண்டின் 25-ஆம் எண் தேசிய மரபுவளச் சட்டப்படி மரபுத் துறையின் அனுமதி. அதற்கும் முன்னால் உருவத்தைப் பற்றி ஊரோடு பேசுங்கள். போத்தாவின் யானை வேலை 2010-இல் பாதியில் நிறுத்தப்பட்டது. யானை, ஆளுங்கட்சிக்குப் போட்டியான இன்காத்தா கட்சியின் சின்னம் என்பதே ஆட்சேபம். அதே ஆண்டு டர்பன் விமான நிலையத்தில் அவர் வைத்த சூலு மன்னன் ஷாகாவின் சிலையும் எடுக்கப்பட்டது. கையில் ஆயுதமின்றி மாடுகளோடு நிற்கும் மன்னன் மாட்டுக்காரச் சிறுவனைப்போல் இருக்கிறான் என்று சூலு அரச குடும்பம் சொன்னது. உலோகத்தில் குறையே இல்லை. களிமண் நிலையில் இருபது பேரைக் கூப்பிட்டுக் காட்டியிருந்தால் ஒரு பலகையும் கத்தியும் வைத்துத் திருத்திவிடக்கூடிய விஷயங்கள் பல.

சிற்பியின் கையொப்பமும் அப்படித்தான். பிரிட்டோரியாவில் அரசுத் தலைமைக் கட்டடங்களின் முன் 2013 டிசம்பர் 16 அன்று திறக்கப்பட்ட 9 மீட்டர் மண்டேலா சிலையில், சிற்பிகள் இருவர் காதுக்குள் ஒரு குட்டி வெண்கல முயலை ஒளித்து வைத்திருந்தார்கள். பெயர் பொறிக்க இடம் தரப்படாததால் அதுவே கையொப்பம். ஆஃப்ரிகான்ஸில் முயலுக்கு ‘ஹாஸ்’ என்று பெயர். அவசரத்துக்கான சொல்லும் அதேபோல் ஒலிக்கும். அவசரப்படுத்தியதற்கு அது ஒரு குத்தல். சில வாரங்களில் செய்தியாகி, மன்னிப்பும் கேட்டு, முயலையும் எடுக்க வேண்டியதாயிற்று. கையொப்பம் எங்கே, எவ்வளவு பெரிது என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி, மெழுகு நிலையில் நேரில் போய்ச் சரிபாருங்கள். மெழுகில் அது கத்திமுனையால் கீறுகிற வேலை. வெண்கலமான பிறகு சாரம் கட்டி, கிரைண்டர் பிடித்து, அந்த இடத்துக்கு மட்டும் மறுபடி நிறம் ஏற்றுகிற வேலை.